‘நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்’



மறையுரைக்குப் பத்து நிமிடம் போதும். இன்று நான் சொல்ல விரும்புவது பத்து நிமிடத்துள் அடங்காது. ஆகவே, நீங்கள் ஆலயத்தில் இருப்பதைவிட அதிக நேரம் தங்கியிருக்கும் இந்த இடத்திற்கே வந்து எழுதுகிறேன். முகநூலைக் கண்டிப்பதற்கு முகநூலையா தேர்ந்தாய் என்று நகைப்பவர்கள் நகைக்கட்டும். சந்தையில் எடை குறைகிறதென்றால், அதைச் சந்தையின் நடுவில் நின்றுதான் சொல்ல வேண்டும்.

இப்பதிவு ஒரு மனிதருக்கும் எதிரானதன்று. ஒரு குழுவுக்கும் எதிரானதன்று. ஒரேயொரு வாக்கியத்திற்கு எதிரானது. “ஃபாதர், நான் எழுதேல்லை; எனக்கு வந்ததை அனுப்பினனான், அவ்வளவுதான்.” இந்த வாக்கியத்தை நரைத்த தலைகளிடமும் கேட்கிறேன், இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடமும் கேட்கிறேன். சொல்பவர் எவரும் தாம் பொய் சொல்வதாக எண்ணுவதில்லை. அதுவே இவ்வாக்கியத்தின் அபாயம். இது மனச்சாட்சியைத் தூங்கவைக்கும் ஒரு தாலாட்டு. இது திருச்சபையின் போதனைக்கு ஒவ்வாதது; நாம் வாழும் இந்நாட்டின் சட்டத்திற்கும் ஒவ்வாதது; நாம் பிறந்த மண்ணிலே இரத்தம் சிந்த உதவியது. இம்மூன்றையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். பொறுமையோடு வாசியுங்கள்.

முதலில், “அது வெறும் ஃபோனில் நடப்பதுதானே” என்ற எண்ணத்தை அகற்றுவோம். அதற்கு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. இன்டர்லாக்கனிலிருந்து பிரியன்ஸ் ஏரியின் தென்கரை வழியே சிறிது தூரம் சென்றால் இசெல்ட்வால்ட் என்னும் சிற்றூர் வரும். அங்கு வாழ்பவர்கள் ஏறத்தாழ நானூறு பேர். 2019 டிசம்பரில் தொடங்கி 2020 பெப்ரவரி வரை ஒளிபரப்பான ஒரு கொரியத் தொடரில், நாயகன் அவ்வூரின் ஏரிக்கரையில் அமர்ந்து பியானோ வாசிக்கும் காட்சி ஒன்று இடம்பெற்றது. தொற்றுநோய்க்காலம் தணிந்து பயணங்கள் மீண்டும் தொடங்கியதும், உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் அந்தச் சிறிய மரப்பாலத்தைத் தேடி வந்தனர். பேருந்துகள் நிறைந்தன, வீதிகள் அடைபட்டன, குப்பை குவிந்தது. ஈற்றில் 2023ஆம் ஆண்டு ஊராட்சி அப்பாலத்தின் வாயிலில் சுழல்கதவு ஒன்றை நிறுவி, ஏறி நின்று படமெடுக்க ஐந்து பிராங் அறவிடத் தொடங்கியது.

அத்தொடரை எடுத்தவர்கள் இசெல்ட்வால்டுக்குத் தீங்கு நினைக்கவில்லை. படத்தைப் பகிர்ந்தவர்களில் எவரும் அவ்வூர் மூதாட்டி ஒருத்தியின் பேருந்து இருக்கையைப் பறிக்க நினைக்கவில்லை. ஒவ்வொருவரும் ஒரு படத்தைத்தான் அனுப்பினர். ஆயினும் அனுப்பப்பட்ட படங்கள் ஒன்றுசேர்ந்து ஓர் ஊரின் நாளாந்த வாழ்வையே மாற்றிவிட்டன. திரையில் நடப்பது திரையிலேயே தங்குவதில்லை, அன்பார்ந்தவர்களே. அழகான படமொன்றுக்கே இத்தனை வலிமை உண்டென்றால், நஞ்சு தோய்ந்த சொல்லுக்கு எத்தனை வலிமை இருக்கும்?

அதற்கான விடை நம் மக்களின் அண்மைய வரலாற்றில் இரத்தத்தால் எழுதப்பட்டிருக்கிறது.

2018 மே மாதம். தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில், பிள்ளை பிடிப்போர் ஊருக்குள் புகுந்துவிட்டனர் என்ற செய்தி வட்ஸ்அப் வழியே பரவியிருந்தது. சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்ட ஒரு குடும்பம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்கு அருகே வழி கேட்பதற்காக வண்டியை நிறுத்தியது. அக்குடும்பத்தில் அறுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி, அங்கு நின்ற பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். பேரப்பிள்ளைகளைக் கண்ட எந்தப் பாட்டியும் செய்வதைத்தான் அவர் செய்தார். கூட்டம் கூடியது; அவரை அடித்தே கொன்றது. அந்த ஊரில் பிள்ளை பிடிப்போர் எவரும் இருக்கவில்லை. அச்செய்தியை அனுப்பிய ஆயிரமாயிரம் கைகளில் ஒன்றுகூட அந்த மூதாட்டியின் மேல் விழவில்லை. ஆனால் விழுந்த கைகளை ஏவியது எது? அவ்வாண்டிலேயே இந்தியாவில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி அந்நிறுவனம் கட்டுப்பாடு விதித்தது. அடுத்த ஆண்டு அதை உலகெங்கும் விரிவாக்கியது. இலாபத்தை நோக்கும் நிறுவனமே, அனுப்புவது ஒரு செயல் என்று ஒப்புக்கொண்டுவிட்டது. நாம்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இலங்கைக்கு வருவோம். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனவிலும் அயலிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அதற்குச் சில நாள் முன்பு அம்பாறையில், முஸ்லிம் உணவகமொன்றில் மலட்டு மாத்திரை கலந்து உணவு விற்கிறார்கள் என்ற கட்டுக்கதை கைபேசிகளில் ஓடியது. அரசு முகநூலையும் வட்ஸ்அப்பையும் வைபரையும் சில நாட்கள் முடக்க நேர்ந்தது. ஈராண்டு கழித்து, 2020 மே மாதத்தில், முகநூல் நிறுவனமே அவ்வன்முறையில் தன் தளத்தின் பங்குக்காக மன்னிப்புக் கேட்டது.

பின்பு 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலம், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் விடுதிகள். 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உங்களில் சிலர் உறவினரை இழந்தீர்கள். பலர் நண்பரை இழந்தீர்கள். அந்த வேதனையை நான் இங்கு விவரிக்கப் போவதில்லை. அதன் பின் நடந்ததையே நினைவூட்டுகிறேன். மூன்று வாரங்கள் கழித்து, கத்தோலிக்கர் செறிந்து வாழும் சிலாபத்தில், முஸ்லிம் வணிகர் ஒருவர் முகநூலில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்பதே அதன் கருத்து. அது வரப்போகும் தாக்குதலுக்கான மிரட்டலாக வாசிக்கப்பட்டது, அவ்வாறே பரப்பப்பட்டது. பள்ளிவாசலும் கடைகளும் கல்லெறிபட்டன. கலவரம் புத்தளம், குருநாகல், கம்பஹா மாவட்டங்களுக்குப் பரவியது. ஓர் உயிர் போயிற்று. கொல்லப்பட்டவர் குற்றமேதும் செய்யாத ஒரு முஸ்லிம் குடும்பத் தலைவர். தம் ஆலயங்களில் இரத்தம் காயுமுன்பே பழிவாங்காதிருக்கும்படி மக்களை மன்றாடியவர் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை. அவருடைய குரலைவிடக் கைபேசியின் வதந்தி விரைவாக ஓடியது.

அந்த நாட்களில் இங்கே, இந்தச் சுவிஸ் நாட்டில், நம் குழுக்களிலும் என்னென்ன ஓடின என்பதை நீங்கள் அறிவீர்கள். தண்ணீரில் நஞ்சு, அடுத்த இலக்கு இந்த ஆலயம், இந்தப் பட்டியலிலுள்ள வாகனங்கள்... எத்தனை செய்திகள்! எத்தனை உண்மையாயின? ‘எச்சரிக்கையாக இருப்பதற்காக அனுப்பினேன்’ என்கிறீர்கள். ஐயா, அம்மா, எச்சரிக்கை என்பது நாம் செய்தியிடம் காட்ட வேண்டியது. முதலில் அயலானிடம் அன்று.

இனி, திருச்சபை என்ன சொல்கிறது? கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, எட்டாம் கட்டளையை விளக்கும்போது 2477ஆம் எண்ணில் மூன்று பாவங்களைப் பிரித்துக் காட்டுகிறது. போதிய ஆதாரமின்றிப் பிறருடைய குற்றத்தை உண்மையென்று மனத்துள் கொள்வது ஒன்று. தக்க காரணமின்றிப் பிறருடைய உண்மையான குறையை அறியாதவருக்கு அறிவிப்பது இன்னொன்று. பொய் கூறிப் பிறர் பெயரைக் கெடுப்பது மூன்றாவது. இரண்டாவதைக் கவனியுங்கள். செய்தி உண்மையாகவே இருந்தாலும் பாவம் பாவமே! “உண்மையைத்தானே சொன்னேன்” என்பது ஒப்புரவு அருட்சாதனத்தில் செல்லாத நாணயம். உன் அயலாரின் மகள் எவனோடு எங்கு நின்றாள் என்பது உண்மையாயிருக்கலாம். அவ்வுண்மைக்கு நீ உரிமையாளன் அல்லன்.

2487ஆம் எண் இன்னும் கடினமானது. உண்மைக்கு எதிராகச் செய்த தீங்கிற்கு ஈடு செய்ய வேண்டிய கடமை உண்டு. பாவம் மன்னிக்கப்பட்ட பின்னும் அக்கடமை நீங்குவதில்லை. இதன் பொருள் என்ன? இருநூறு பேர் உள்ள குழுவில் ஒருவரைப் பற்றிப் பொய்யை அனுப்பியவர், பதிவை அழித்துவிட்டால் கடமை முடிந்துவிடாது. அந்த இருநூறு பேருக்கும் அது பொய்யென்று, தன் பெயரோடு, எழுத வேண்டும். அழிப்பது எளிது, எழுதுவது வெட்கம். ஈடுசெய்தல் எப்போதும் அந்த வெட்கத்தின் வழியாகத்தான் வரும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2018இல் வெளியிட்ட, புனிதத்துவம் பற்றிய திருத்தூது ஊக்கவுரையில் இதைப் பெயர் சொல்லியே கண்டித்தார். கிறிஸ்தவர்களும் இணையத்தின் சொல்வன்முறை வலைகளில் சிக்கிக்கொள்கிறார்கள், கத்தோலிக்க ஊடகங்களிலும்கூட எல்லைகள் மீறப்படுகின்றன என்றார். மற்றக் கட்டளைகளையெல்லாம் காப்பதாகச் சொல்லிக்கொண்டே எட்டாம் கட்டளையை முற்றாகப் புறக்கணிக்கும் விந்தையை அவர் அங்கு சுட்டினார். வெள்ளிக்கிழமை மரக்கறி உண்டு, ஞாயிறு திருப்பலி கண்டு, செபமாலை சொல்லி முடித்த அதே கையால் அயலாரின் மானத்தைக் குழுவிலே எறிபவர்களைப் பற்றி இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

திருச்சபைக்கு அஞ்சாதவர்கள் சட்டத்திற்காவது அஞ்சுங்கள். சுவிஸ் குற்றவியல் சட்டத்தின் 173ஆம் பிரிவு, ஒருவரது மானத்திற்கு இழுக்கான குற்றச்சாட்டைச் சொல்பவரை மட்டுமன்றி, அதைப் பரப்புபவரையும் தண்டனைக்குரியவர் என்கிறது. 2020ஆம் ஆண்டு லவுசானில் உள்ள கூட்டாட்சி உச்ச நீதிமன்றம், முகநூலில் இன்னொருவர் எழுதிய அவதூறுக்கு விருப்பக்குறி இடுவதும் அதைப் பகிர்வதுங்கூட, அது புதியவர் ஒருவரைச் சென்றடையுமாயின், பரப்பியதாகக் கொள்ளப்படலாம் என்று தீர்ப்பளித்தது. ‘நான் எழுதவில்லை’ என்ற வாதம் இந்நாட்டு நீதிமன்றத்திலேயே நிற்காதபோது, இறுதித் தீர்ப்பில் எப்படி நிற்கும்?

இப்போது நம் வீடுகளுக்குள் வருகிறேன். கசப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, மரணச் செய்தி. ஒருவர் இறந்து உடல் குளிருமுன்பே, படத்தின் மேல் பூமாலை ஒட்டி, ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று எழுதி முகநூலில் இடுகிறோம். கனடாவில் இரவு வேலையில் நிற்கும் மகன் தந்தையின் மரணத்தை அந்தப் படத்திலிருந்து அறிகிறான். அவனுக்கு முறையாகச் சொல்வதற்காக அழுகையை அடக்கிக்கொண்டு தொலைபேசி எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும் தாயை நாம் முந்திவிட்டோம். எதற்காக? முதலில் அறிந்தவர் நாம் என்று காட்டுவதற்காக. இதற்கு இரங்கல் என்று பெயரிடாதீர்கள். ஊரிலே சாவுச்செய்தி சொல்வதற்கு ஒரு முறை இருந்தது. யார் வீட்டுக்கு யார் போய்ச் சொல்ல வேண்டும், எந்தச் சொல்லால் தொடங்க வேண்டும் என்று நம் முன்னோர் அறிந்திருந்தனர். எழுத்தறியாத அவர்களிடம் இருந்த நாகரிகம், மூன்று மொழி பேசும் நம்மிடம் ஏன் இல்லை?

இரண்டாவது, நம் பெண்பிள்ளைகள். சாமத்திய வீட்டை விமரிசையாகச் செய்கிறீர்கள். செய்வதா விடுவதா என்ற விவாதத்திற்கு இன்று நான் வரவில்லை. ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் உடலில் நிகழ்ந்த மாற்றத்தை, பாட்டுப் போட்டு, புகை விட்டு, ஒளிப்படக்காரர் சொன்னபடியெல்லாம் நடக்கவைத்து, யூரியூபில் உலகமே பார்க்க ஏற்றுகிறீர்களே, அதற்கு அவளிடம் அனுமதி கேட்டீர்களா? அவள் இந்நாட்டுப் பாடசாலையில், இந்நாட்டுப் பிள்ளைகளோடு படிக்கிறாள். அவர்களுடைய கைகளிலும் கைபேசி உண்டு. ‘இது என்ன விழா’ என்று அவர்கள் கேட்கும்போது அவள் எந்த மொழியில், எந்த முகத்தோடு விடை சொல்வாள்? முன்பின் அறியாத ஆண்கள் அந்தக் காணொளியின் கீழே எழுதுபவற்றை நீங்கள் வாசித்ததுண்டா? மண்டபத்துக்கு அழைக்கும்போது யார் யாரை அழைப்பது என்று மாதக்கணக்கில் பட்டியல் போட்ட நீங்கள், இணையத்தில் மட்டும் ஏன் வாயிற்கதவைக் கழற்றி எறிந்தீர்கள்?

மூன்றாவது, டிக்டொக் நேரலைகள். ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து நம்மவர் இரவிரவாக அமர்ந்து ஒருவரையொருவர் தாயைச் சொல்லி, சாதியைச் சொல்லி, ஊரைச் சொல்லி ஏசுகின்றனர். பார்ப்பவர்கள் ரோசாப்பூவும் சிங்கமும் காசு கொடுத்து வாங்கி அனுப்புகின்றனர். சண்டை பெரிதானால் பூ அதிகம் விழும். பூ அதிகம் விழுந்தால் சண்டை பெரிதாகும். இருவரும் ஏசி முடித்த பின் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். நான் ஏசவில்லை, பார்த்துக்கொண்டுதானே இருந்தேன் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சேவற்சண்டையில் சேவலுக்குப் பசி இல்லை. சுற்றி நிற்பவனுக்குத்தான் பசி. ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவி, முதுகு ஒடிய உழைத்த பிராங்கை, இன்னொரு தமிழனின் மானம் கிழிவதைப் பார்ப்பதற்கு விலையாகக் கொடுப்பதைப் போன்ற வறுமை வேறெதுவும் இல்லை.

இனி உங்கள் மறுப்புகளுக்கு வருகிறேன். அவற்றில் உண்மை உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று.

“இந்தக் கைபேசி இல்லாவிட்டால் நாங்கள் எப்படி உறவோடு இருப்பது?” மெய்தான். விசா மறுக்கப்பட்ட தாய் மன்னாரில் இருந்தபடி மகனின் திருமணத்தைக் கண்டு ஆசீர் அளிக்கிறாள். தொற்றுநோய்க் காலத்தில் ஆலயக் கதவுகள் அடைபட்டபோது திருப்பலி இவ்வழியே உங்கள் வீட்டிற்கு வந்தது. 2009இல் முள்ளிவாய்க்காலில் நடந்தவற்றுள் சிலவற்றை உலகம் கண்டது, கைபேசிகளில் பதிவான படங்களால்தான். இவற்றையெல்லாம் நான் மறுக்கவில்லை. நான் கேட்பது வேறு. தாய்க்காக ஏற்படுத்திய நேரலையை ஊருக்கு ஏன் திறந்துவிட வேண்டும்? உறவுக்குத் தேவை ஒரு சன்னல். நாம் சுவரையே இடித்துவிட்டோம்.

“குற்றத்தை வெளியே சொல்லாவிட்டால் குற்றவாளி தப்பிவிடுவானே? குருக்கள் தங்கள் குற்றத்தை மறைக்கத்தான் வாயை மூடச் சொல்கிறார்கள்” என்று சிலர் எழுதக்கூடும். இதற்கு நேராக விடை சொல்கிறேன். 2023 செப்டெம்பரில் சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முதற்கட்ட ஆய்வு, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இந்நாட்டுக் கத்தோலிக்கத் திருச்சபையில் நடந்த 1,002 பாலியல் துர்ப்பிரயோகச் சம்பவங்களை வெளிக்கொணர்ந்தது. திருச்சபை மௌனம் காத்தது. அந்த மௌனம் பாவம். ஆகவே, ஒரு பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்ததென்று அறிந்தால் வாயை மூடுங்கள் என்று நான் ஒருபோதும் சொல்லேன். பொலிசுக்குப் போங்கள். பாதிக்கப்பட்டோருக்கான ஆலோசனை நிலையத்திற்குப் போங்கள். குற்றம் செய்தவர் குருவானவரானாலும் போங்கள். அப்போது இன்னும் விரைந்து போங்கள். ஆனால் உண்மையான குற்றத்தைக் கண்டவர் தன் பெயரோடு, விசாரிக்கும் அதிகாரமுடையவரிடம் சொல்கிறார். வதந்தி பரப்புபவரோ தன் பெயரின்றி, விசாரிக்கும் அதிகாரமற்ற இருநூறு பேரிடம் சொல்கிறார். முன்னது நீதியைத் தேடுகிறது. பின்னது பொழுதுபோக்கைத் தேடுகிறது. குழுவில் ஓடும் பேச்சு, பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயரை ஊரெல்லாம் பரப்பும்; குற்றவாளிக்கோ ‘எல்லாம் கட்டுக்கதை’ என்று தப்பிக்க வழி கொடுக்கும்.

“கார்லோ அக்கூத்திஸ் இணையத்தின் புனிதர் அல்லவா, ஃபாதர்? அவரே கணினியோடு வாழ்ந்தவர்தானே?” என்று இளையோர் கேட்கிறீர்கள். ஆம். 2006இல் பதினைந்து வயதில் மறைந்து, 2025 செப்டெம்பர் 7ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்டவர். நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் வைத்தவர். ஆனால் கணினி விளையாட்டுக்கு வாரத்தில் ஒரு மணிநேரமே தனக்கு அனுமதித்துக்கொண்டவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவருடைய படத்தைக் கைபேசியின் முகப்பில் வைத்துக்கொண்டு, அவருடைய அளவை மட்டும் மறந்துவிடுவது பக்தியன்று.

யோவான் நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்திற்கு உங்களை அழைக்கிறேன். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கூட்டம் நடுவில் நிறுத்துகிறது. கவனியுங்கள், அவர்கள் சொல்வது பொய்யன்று; கையும் மெய்யுமாகப் பிடித்ததாகவே சொல்கிறார்கள். ஆண்டவரும் அதை மறுக்கவில்லை. அவர் குனிந்து தரையில் எழுதுகிறார். நற்செய்திகளில் இயேசு எழுதியதாக வரும் இடம் இது ஒன்றே. என்ன எழுதினார் என்று எவருக்கும் தெரியாது. மண்ணில் எழுதியது, காற்று வந்து அழித்திருக்கும். ஒருத்தியின் மானம் பணயத்தில் இருந்தபோது, கடவுளின் மகன் அழியக்கூடிய எழுத்தையே எழுதினார். நாமோ, அயலாரின் பிழையை என்றும் அழியாத எழுத்தில் எழுதிவைக்கத் துடிக்கிறோம். பிறகு கூட்டம் கலைந்தது. யார் முதலில் போனார்கள்? பெரியவர்கள். இதை நம் மூத்தோர் மனத்தில் கொள்ளுங்கள். குழுவில் கல் எடுக்கப்படும்போது, முதலில் கல்லைப் போட்டுவிட்டு வெளியேற வேண்டியவர் நீங்கள். நீங்கள் வெளியேறினால் பிள்ளைகள் பின்தொடர்வர். நீங்கள் நின்று பார்த்தால், அவர்கள் எறியக் கற்றுக்கொள்வர்.

இனி நாம் என்ன செய்வது? கைபேசியை ஆறே ஆற்றில் எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. இன்டர்லாக்கன் நகர் நடுவே நீங்கள் அன்றாடம் கடந்துபோகும் ஹோஹமட்ட புல்வெளியைப் பாருங்கள். அது ஒருகாலத்தில் அகுஸ்தீன் சபைத் துறவியரின் மடத்து நிலமாயிருந்தது. 1528இல் சீர்திருத்தக் காலத்தில் மடம் மூடப்பட்டது. பின்பு சுற்றுலா வளர்ந்து, ஒவ்வொரு அடி நிலமும் பொன்விலை பெற்றபோது, 1864இல் ஊரின் விடுதி உரிமையாளரும் வேறு சிலரும் சேர்ந்து அப்புல்வெளியை வாங்கினர். அங்கே விடுதி கட்டுவதற்கன்று. ஒருவரும் ஒன்றும் கட்டக்கூடாது என்று உறுதி செய்வதற்கு! இன்றும் அது வெறுமையாக இருப்பதால்தான் யுங்ஃபிரவ் மலை நமக்குத் தெரிகிறது. வணிகர்களே அறிந்திருந்தனர், வெறும் இடம் இல்லாவிட்டால் மலை மறைந்துவிடும் என்று.

உங்கள் நாளின் நடுவிலும் அத்தகைய வெறுநிலம் ஒன்று வேண்டும். ஒருவரும் ஒன்றும் கட்ட முடியாத ஒரு மணிநேரம். இரவு உணவு மேசையாயிருக்கலாம். படுக்கைக்கு முன் செபவேளையாயிருக்கலாம். அந்நேரத்தில் கைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும். அப்போதுதான் எதிரில் அமர்ந்திருக்கும் மனைவியின் முகமும், வாய் திறவாமலே வளர்ந்துவிட்ட மகனின் முகமும் தெரியும்.

அதனோடு நான்கு காரியங்களை உங்கள் மேய்ப்பனாகக் கேட்கிறேன்.

ஒருவருடைய பெயர் சம்பந்தப்பட்ட எதையும், அவருக்கோ அவருடைய குடும்பத்தாருக்கோ தொலைபேசியில் பேசாமல் அனுப்பாதீர்கள். பேசத் துணிவில்லையெனில் அனுப்பவும் உரிமையில்லை.

மரணச் செய்தியைக் குடும்பத்தார் அறிவிக்கும்வரை வெளியிடாதீர்கள். அந்த நேரத்தில் அவ்வீட்டுக்குத் தேவை சோறு, பதிவு அன்று.

பிள்ளைகளின் படத்தையும் காணொளியையும் அவர்களைக் கேளாமல் பொதுவெளியில் இடாதீர்கள். ஏற்கெனவே இட்டவற்றை இன்றிரவு அவர்களோடு அமர்ந்து பாருங்கள். அவர்கள் அகற்றச் சொன்னால் அகற்றுங்கள்.

பொய்யென்று பின்பு தெரிந்த ஒன்றை அனுப்பியிருந்தால், அனுப்பிய அதே குழுவில், அதே மக்களுக்கு, திருத்தம் எழுதுங்கள். இதைச் செய்யாமல் பாவமன்னிப்புப் பெற்றேன் என்று அமைதி கொள்ளாதீர்கள். மன்னிப்பு இறைவனிடமிருந்து வருகிறது. ஈடு உங்கள் கையிலிருந்து போக வேண்டும்.

அன்பார்ந்தவர்களே, நாம் எல்லாவற்றையும் இழந்து இந்நாட்டிற்கு வந்தோம். வீட்டை இழந்தோம், நிலத்தை இழந்தோம், உயிர்களை இழந்தோம். விமான நிலையத்தில் இறங்கியபோது பலரிடம் எஞ்சியிருந்தது பெயர் ஒன்றே: இன்னாருடைய மகன், இன்ன ஊரான், இன்ன பங்கைச் சேர்ந்தவன். அந்தப் பெயரை வைத்துத்தான் வேலை பெற்றோம், பெண் கொடுத்தோம், பெண் எடுத்தோம். அகதியின் கடைசிச் சொத்து அவனுடைய பெயர். படையும் பறிக்காத அச்சொத்தை, ஒரு விரலசைவால், நாமே ஒருவரிடமிருந்து ஒருவர் பறித்துக்கொண்டிருக்கிறோம். இதுவே என் துயரம். இப்பதிவின் கடுமைக்கும் இதுவே காரணம்.

இப்பதிவை வாசித்துவிட்டு, ‘இது இன்னாருக்குத்தான் எழுதியது’ என்று யாருக்கும் அனுப்பாதீர்கள். அப்படி அனுப்பினால், ஒரு வரியும் உங்களைச் சேரவில்லை என்று பொருள். முதலில் உங்களுக்கென்று வாசியுங்கள். மறுப்பு இருந்தால் கீழே எழுதுவதைவிட, திருப்பலி முடிந்ததும் ஆலய வாசலில் என்னை நிறுத்திச் சொல்லுங்கள். தேநீர் இருக்கும், நேரமும் இருக்கும்.

உங்கள் நாவையும் விரலையும் தூய ஆவியார் காப்பாராக. எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.